வைரம் பாஞ்ச கால்

ஜன்னலோரம் நீயே இரு தாயி. எனக்கு வேண்டாம். காத்து உன் பக்கம் வந்தாத்தான் உனக்கு நல்லது. கொஞ்சம் நாறும். என்ன கொஞ்சம், நல்லாவே நாறும். கட்டுக்கு மேல ரெண்டு கேரிப்பை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன், அப்பவும் வெளிய வருது. பின்னால ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திச்சுப் போனா பாத்தியா? மூக்கைப் பொத்தினது கூடப் பரவால்ல, போற போக்குல ஒரு பார்வை பாத்தா பாரு. அதான் எந்திச்சு இங்கன முன்னால வந்துட்டேன். நீ ஒருத்திதான் தள்ளி உக்காரல. நல்லா இருப்ப.

இந்த மூட்டையைக் கீழ வச்சு அது மேல வலது காலை நீட்டிக்கிடுதேன். தொங்கப் போடக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. இடது கால் நல்ல கால். அதை இந்த இஞ்சின் பெட்டி மேல ஊனிக்கிட்டாத்தான் வண்டி குலுங்கும்போது விழாம இருப்பேன். நீ ஏன் வெடுக்குன்னு காலை இழுத்த? சூடா? மேல போட்ட ரெக்சின் கிழிஞ்சு தகரம் தெரியுதுல்லா, அதான் உனக்குச் சுடுது. எனக்கு ஒண்ணும் தெரியல. என்னையும் எடுக்கச் சொல்லுதியா? சும்மா இரு தாயி. உன் காலு செருப்புக்குள்ள வளந்த காலு. இது உப்புல வளந்தது. வைரம் பாஞ்ச காலு.

பெரியாஸ்பத்திரில இருந்துதான் வாரேன். சொல்லிட்டு வரல. மக டீ வாங்கப் போனா, நான் செவுரைப் பிடிச்சு, படியைப் பிடிச்சு, ஒரு ஆட்டோக்காரன் தோளைப் பிடிச்சு வந்துட்டேன். ஆமா, ஓடித்தான் வந்துட்டேன். நாளைக்குக் காலையில காலை எடுக்கப் போறாவளாம். எடுக்கதுன்னா என்னன்னு தெரியும்லா? வெட்டி எடுக்கது. இந்தா, இந்த முழங்காலுக்குக் கீழ. பேனாவால கோடு போட்டு வச்சிருக்காவ பாரு, வேலிக்கு இடம் அளக்கிற மாதிரி.

எங்க ஊரு உச்சினிமாகாளிக்கிட்ட போறேன். பூக்குழிச் சாம்பல் எடுத்து வச்சிருப்பாரு பூசாரி. அதை அப்பினா ஆறிரும். ஆறணும். ஆறலன்னா நான் என்ன செய்ய? ஒத்தக் காலோட உப்புப் பாத்தியில நிக்க முடியுமா? நீ சொல்லு, முடியுமா?

இந்தா, அடிக்கா பாரு. போனுதான். மகதான். எடுக்கமாட்டேன். எடுத்தா அழுவா. அடிச்சு ஓயட்டும்.

நீ உப்பளம் பாத்திருக்கியா? ரோட்டுல போகும்போது வெள்ளையா தெரியுமே, அது தூரத்துல அழகு. இறங்கிப் பாரு, கண்ணாடிச் சில்லு மேல நடக்கிற மாதிரி இருக்கும். பாவாடை கட்டுன வயசுல என்னை இறக்கி விட்டாவ. பாதம் பூரா கிழிஞ்சு, கிழிஞ்ச இடத்துல உப்புத் தண்ணி ஏறி, நான் கத்துன கத்துல உப்பு அம்பாரத்து மேல இருந்த காக்கா எல்லாம் பறந்துச்சு. எங்க ஆத்தா பக்கத்துப் பாத்தியில நின்னா. திரும்பிக்கூடப் பாக்கல. பழகிடும்னா. அவ்வளவுதான். பழகிட்டு தாயி. அதைத்தான் நான் சொல்லுதேன். அழுதா எவளுக்கும் பழகாது, நின்னாத்தான் பழகும்.

எல்லாத்துக்கும் நின்னேன். எங்க வீட்டாளு கெணத்து மோட்டார்ல கரண்ட் அடிச்சுப் போனாரு. காரியம் முடிஞ்ச மறுநாள் நான் உப்புப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு அளத்துல நிக்கேன். கணக்கப்பிள்ளையே, ஏன் தங்கப்பேச்சி, ஒரு வாரம் வீட்ல இருக்கலாம்லான்னாரு. இருந்து என்னய்யா செய்யன்னேன். அதுக்கு முன்னால ரெண்டு பிள்ளைய மண்ணுல வச்சிருக்கேன். ஒண்ணு ஆம்பளப் பிள்ள. அதுக்குப் பேரு வைக்கல, வைக்கல என்ன, வச்சேன், இப்ப அது எதுக்கு. அப்பவும் நின்னேன். ஊரே சொல்லும், தங்கப்பேச்சி பொம்பள இல்ல கல்லுன்னு. என் மூஞ்சிக்கு முன்னாலேயே சொல்லும். எனக்குச் சந்தோசமா இருக்கும். தாலி போன பொறவு வேற என்னத்த வச்சுத் தாயி நான் நெஞ்சை நிமித்திக்கிட?

என் மக செண்பகம் அப்படி இல்ல. அவளுக்கு அந்தக் காலு வரவே இல்ல. பள்ளிக்கூட லீவுல கூட்டிட்டுப் போவேன். இவளும் ஒரு நாளைக்கு ஒத்தையில நிக்க வேண்டி வரும், இப்பமே பழக்கணும்னு. வீட்டுக்கு வந்தா சோத்துத் தட்டை முன்னால வச்சிக்கிட்டு அழும். காலை நீட்டிக் காட்டும். இங்க பாரும்மா, இங்க பாரும்மான்னு. நான் பாக்கமாட்டேன். பாத்தா கை போயி தடவும். தடவினா பிள்ள இளகிரும். இளகினது எப்படிப் பொழைக்கும்? நீயே சொல்லு. அவ அழுவா, நான் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் உரிப்பேன்.

இப்ப அவ டவுன்ல தைக்கக் கடை வச்சிருக்கா. மாப்பிள்ளை வயரிங் வேலை. நல்லவன், குடிக்கமாட்டான். போன வருசம் அவ எனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிட்டு வந்தா, அம்மா இதைப் போட்டுக்கிட்டு இறங்குன்னு. நான் ஒண்ணுல கத்தாழை நட்டேன். இன்னொண்ணு நாய் தூக்கிட்டுப் போயிட்டு. சிரிக்கியா? அவளும் முதல்ல சிரிச்சா. பொறவு ஏன் அழுதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பூட்ஸுக்கா ஒருத்தி அழுவா?

அவளுக்குப் பிள்ள தங்கல தாயி. வயித்துக்குள்ளேயே துடிப்பு நின்னுட்டு. பெத்துத்தான் எடுத்தாவ. பாத்தாளாம், கண்ணு மூக்கு எல்லாம் இருந்துச்சாம். எங்கிட்ட வந்தா. எனக்குன்னு ஒரு நல்ல பாயி இருக்கு, அதை விரிச்சுப் போட்டேன், கருவாட்டுக் கொழம்பு வச்சேன். அவ திங்கல. செவுத்தைப் பாத்துப் படுத்தே கெடந்தா. நானும் எத்தனையோ சொன்னேன். எளா, நானும் ரெண்டை மண்ணுல வச்சவதான், மறுநாளே பாத்தியில நின்னேன், எனக்கு என்ன ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன்னு. திரும்பிப் படுத்து என்னையவே பாத்தா. அம்மா, நீ ஒரு தடவ என் கூட உக்காந்து அழேன்னா. ஒரே ஒரு தடவன்னா.

அழச் சொல்லுதா பாரு. பிள்ளைய இழந்தவளுக்குத் தைரியம் சொல்ல வந்தா, அழச் சொல்லுதா. எனக்குக் கோவம் வந்துட்டு. கோவம்னா வெறும் கோவம் இல்ல. பயம். இவ இப்படியே கெடந்து செத்துருவான்னு பயம். என் வயித்துல பொறந்ததுல மிச்சம் இவ ஒருத்தி தாயி. இவளை எப்படி எந்திக்க வைக்க? சொல்லிப் பாத்தாச்சு, ஏசியும் பாத்தாச்சு. அப்பதான் கோயில் கொடை வந்துச்சு. சரி, வாயால சொன்னா இவளுக்கு ஏறாது, காலால காட்டுதேன்னு காப்புக் கட்டினேன்.

பூக்குழி நான் வருசா வருசம் இறங்குதவதான். மத்தவங்க எல்லாம் தடதடன்னு ஓடுவாவ. நான் நடப்பேன். இந்த நாலஞ்சு வருசமா சூடே இல்ல. வெயில்ல காஞ்ச தரையில நடக்கிற மாதிரிதான் இருக்கு. மாகாளியம்மா எனக்குன்னு குளிர வைக்கான்னு ஊரே சொல்லும். இந்த வருசம் செண்பகத்தைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து முன்னால நிப்பாட்டச் சொன்னேன் மாப்பிள்ளைகிட்ட. இறங்கினேன். நடுக்குழிக்கு வந்தேன். நின்னேன்.

நின்னேன் தாயி! நெருப்புல. மஞ்சச் சேலையோட, கையில வேப்பங்கொழையோட. அவளை நேராப் பாத்து நின்னேன். பாரு, நல்லாப் பாரு, உன் ஆத்தா நெருப்புல நிக்கா, நீ பாயில கெடக்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நின்னேன். கொட்டுக்காரன் கொட்டை நிப்பாட்டிட்டான். பொம்பளைக எல்லாம் குலவை போட்டாவ. அம்மா வந்துட்டா, அம்மா இறங்கிட்டான்னு சத்தம். நான் நிக்கேன். ஒரு சூடு இல்ல, ஒரு எரிச்சல் இல்ல.

அவ மட்டும் குலவை போடல. மாப்பிள்ளை கையை உதறிட்டு, அம்மா வெளிய வா, வெளிய வான்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. அத்தனை நாளு எந்திக்காதவ ஓடி வந்தா பாரு! அதுலயே எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. வெளிய வந்ததும் கெழவன் கெழவி எல்லாம் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாவ. பூசாரி மாலை போட்டாரு. இவ என்னடான்னா தரையைப் பாத்துக்கிட்டு நிக்கா. நான் நடந்த எடம் எல்லாம் ஈரமா இருந்துச்சு. மஞ்சத்தண்ணின்னு நெனச்சேன். இவ குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு, அம்மா, உன் தோலும்மான்னா.

என்ன மோந்து பாக்க? கருகுத மாதிரி இருக்கா? எனக்கு என் கட்டு நாத்தந்தான் தெரியுது. பழைய வண்டில்லா, பிரேக்கு கருகும். டிரைவர் தம்பி, உன் வண்டி கருகுதாம்பா! பாரு, காதுல வாங்கமாட்டான்.

மறுநாள் மஞ்சளை அரைச்சுப் பூசிட்டு பாத்திக்குப் போயிட்டேன். செண்பகம் வாசல்ல கையை விரிச்சு மறிச்சா. தள்ளிட்டுப் போனேன். உப்புத் தண்ணியில நின்னேன். சுட்ட காலோட, தோலு உரிஞ்ச காலோட. ஒரு சுரீர் இல்ல தாயி. பாத்தியா மாகாளி கருணையைன்னு பக்கத்துல நின்னவகிட்ட சொன்னேன். அவளும் கையெடுத்துக் கும்பிட்டா. இடது கால் எப்படியோ ஆறிட்டு, பொறவுதான் வலது கால்ல நாத்தம் எடுத்துச்சு. காய்ச்சல் வந்துச்சு. மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டாவ.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்னப் பிள்ளை, செண்பகம் வயசுதான் இருக்கும். உங்களுக்குச் சக்கரை ரொம்ப வருசமா இருக்கு, யாரும் பாக்கலைன்னுச்சு. காலு நரம்பு செத்துப் போச்சுன்னுச்சு. நான் விடுவேனா? இல்லம்மா, அது உப்புல பழகுன காலு, வலி தாங்கும்னேன். தாங்கலம்மா, வலி தெரியல, ரெண்டும் வேற வேறன்னுச்சு. எப்படிச் சொல்லுது பாரு. நான் தாங்குனது எல்லாம் தாங்குனது இல்லையாம். அப்ப இத்தனை வருசம் நான் என்னத்தத் தாயி செஞ்சுக்கிட்டு இருந்தேன்?

கண்ணை மூடிக்கிடுங்க, நான் தொடும்போது சொல்லுங்கன்னு ஒரு கம்பியை எடுத்துச்சு. தூண்டில் நரம்பு மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஊசி. உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன, நான் கண்ணை முழுசா மூடல. ஓரக்கண்ணால பாத்தேன். காலைப் பாக்க முடியாது, மறைச்சு வச்சிருக்கு. செண்பகம் எதுக்க நின்னா. அவ முகத்தைப் பாத்தேன். அந்தப் பிள்ள ஊசியை வைக்கும்போதெல்லாம் இவ முகம் சுருங்குது. உதட்டைக் கடிக்கா. நான் உடனே, இப்பன்னுவேன். திரும்பச் சுருங்கும். இப்பன்னுவேன். ஒண்ணுகூடத் தப்பல! டாக்டரம்மா திகைச்சுப் போயிட்டு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோசம்.

அப்புறம் அது திரும்பி செண்பகத்தைப் பாத்துச்சு. என்னையும் பாத்துச்சு. அக்கா, நீங்க செத்த வெளிய நில்லுங்கன்னு அவளை அனுப்பிட்டு.

அவ கதவுக்கு வெளிய போனா. கூடவே என் காலும் போயிட்டு தாயி.

ஒண்ணும் தெரியல. அந்தப் பிள்ள தொடுதா, தொடலையான்னே தெரியல. சும்மா இப்ப, இப்பன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கண்ணைத் தொறந்து பாத்தா, அது ஊசியைக் கீழ வச்சிட்டு, கைகட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நான் மட்டும் இப்ப, இப்பன்னுக்கிட்டு கெடக்கேன். அதுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. ஏன் எல்லாரும் எனக்காக அழுதாவ? எனக்கு ஒண்ணும் இல்லையே.

பொறவுதான் கோடு போட்டாவ. நாளைக்கு எடுக்கலைன்னா விசம் ரத்தத்துல ஏறி உயிருக்கே வந்துருமாம். மக கெஞ்சுதா. காலைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா சம்மதிச்சிரும்மா, நீ என் கூட வந்து இரு, நான் பாத்துக்கிடுதேன்னு. அவளை அவளே பாத்துக்கிட மாட்டா, என்னைப் பாத்துக்கிடுவாளாம். அவ காலைப் பிடிச்சதும் எனக்குத் தெரியல, பாத்துத்தான் தெரிஞ்சுது. அழணும்னுதான் நெனைச்சேன் தாயி. அவ கேட்டாளே, ஒரே ஒரு தடவன்னு. சரி, இப்ப அழுவோம்னு பாத்தேன். வரல. கண்ணை இறுக்கி மூடிப் பாத்தேன். அவரை நெனைச்சேன். அந்த ஆம்பளப் பிள்ளைய நெனைச்சேன். அதுக்கு மாடசாமின்னு பேரு வச்சேன். வரல. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. அவளை டீ வாங்க அனுப்பிட்டு எந்திச்சிட்டேன்.

காலுக்குப் பயந்து ஓடி வரலைன்னு சொல்லுதேன். நான் எதுக்கும் பயப்படுதவ இல்ல. ஊரு எனக்கு வச்ச பேரு ஒண்ணு இருக்குல்லா. அந்தப் பேரை அவ வீட்டு மூலையில ஒத்தக் காலோட உக்காத்தி வைக்கவா? அம்மா சாம்பல் தருவா. ஆறிரும். நான் மறுபடி நிப்பேன். நான் நின்னாத்தான் அவளும் நிப்பா. இல்லன்னா அவ யாரைப் பாத்து நிப்பா?

மறுபடி அடிக்கா. அடிக்கட்டும்.

என்ன, அடுத்த ஸ்டாப்பா? எறங்கப் போறியா? அதுக்குள்ள வந்துட்டா? இரு தாயி, இரு, வழி விடுதேன். முதல்ல இந்தக் காலை எடுக்கேன். மூட்டையை அந்தப் பக்கம் தள்ளு, அவ்வளவுதான். இப்ப இந்த நல்ல காலை எடுத்துட்டா நீ போயிரலாம்.

என்னது இது, வர மாட்டேங்கு. ஒட்டிக்கிட்டு. ரெக்சின் உருகிப் பிடிச்சிருக்கும் போல. கொஞ்சம் இழுக்கேன். இந்தா, வந்துட்டு. போ தாயி.

போகலையா? ஏன் அப்படியே நிக்க?

ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது?

எதைப் பாக்க? காலையா? அது நல்ல காலும்மா. அதுல ஒண்ணும் இல்ல. கட்டுப் போட்டது இந்தக் காலு, இங்க பாரு. அந்தக் காலுல எனக்கு ஒண்ணும் வலிக்கலையே. நீ ஏன் வாயைப் பொத்துத? டிரைவர் தம்பி ஏன் வண்டியை ஓரங்கட்டுதான்? தகரத்துல என்ன அது? ரெக்சின் இல்லையா? சொல்லு தாயி, அது ரெக்சின்தானே?

போகாத. போயிராத தாயி. எங்கிட்டயே நில்லு. கையைக் கொடு. அழாத, அழாம என்னைப் பாரு. இல்ல, அழு, பரவால்ல, மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிராத.

இந்தா போன். அவதான் அடிக்கா. நீ எடு. எடுத்து, நீ பாத்ததை அப்படியே அவகிட்ட சொல்லு. உங்க அம்மா இங்க இருக்கா, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லு. அந்த டாக்டரம்மா மறுபடி அவளை வெளிய அனுப்பக்கூடாதுன்னு சொல்லு. அவ எதுக்க நிக்கணும், நான் அவ முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு சொல்லு தாயி. வலிக்கா? எனக்கு ரொம்ப வலிக்கா?